மன்றத் தீர்மானம் மட்டும் போதாது: பேருந்து நிலையச் சாலைக் கடைகளுக்கு என்ன வழி?

கேள்வி: எங்கள் நகராட்சியின் பேருந்து நிலையச் சாலையில் பல வருஷமாகத் தள்ளுவண்டியில் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் வரிசையில் பூ, பழம், துணி, செருப்பு தைப்பவர் என்று சுமார் 60 பேர். இரண்டு வருஷம் முன் கணக்கெடுத்தார்கள். எனக்கும் இன்னும் சிலருக்கும் அட்டை வந்தது. பாதிப் பேருக்கு மேல் வரவே இல்லை. போன வாரம் மன்றக் கூட்டத்தில் நெரிசல், குப்பை என்று காரணம் சொல்லி, சாலை முழுவதையும் விற்பனை தடை மண்டலமாக்கித் தீர்மானம் போட்டுவிட்டார்களாம். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, 7 நாளில் காலி செய்யச் சொல்கிறார்கள். புறவழிச்சாலைப் பக்கம் வாரச்சந்தைத் திடலில் இடம் தருகிறோம் என்று வெற்றுத்தாளில் கையெழுத்தும் கேட்கிறார்கள். போடலாமா? "மன்றம் முடிவெடுத்த பிறகு ஒன்றும் பண்ண முடியாது" என்கிறார் எங்கள் வார்டு கவுன்சிலர். உண்மைதானா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில், அந்த வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் வரிசையில் உள்ள மற்றவர்களிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். "இடமாற்றத்துக்குச் சம்மதிக்கிறேன்" என்ற வாசகம் பிறகு அதில் ஏறிவிட்டால், கீழே நான் சொல்லும் பாதுகாப்புகளில் பாதி கைநழுவிப் போகும். நோட்டீஸோ கடிதமோ கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் கையெழுத்துக்கு மேலே "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, தேதி போட்டு, கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கவுன்சிலர் சொன்னது சரியல்ல. சாலையோர வியாபாரிகளுக்கென்று 2014இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அந்த ஆண்டு மே 1 முதல் அது அமலில் இருக்கிறது. தமிழ்நாடு அதன் கீழ் 2015இல் விதிகளும் திட்டமும் வகுத்தது. ஒரு தெருவில் விற்கலாமா கூடாதா என்பதை நகராட்சி எப்படி முடிவு செய்ய வேண்டும் என்று இந்தச் சட்டம் படிப்படியாகச் சொல்கிறது. அதோடு முரண்படும் வேறு சட்டம் இருந்தாலும் இதுவே மேலோங்கும் என்கிறது அதன் 33ஆம் பிரிவு. மன்றத் தீர்மானம் அந்தப் படிகளில் ஒன்று மட்டுமே, அதுவும் கடைசியை ஒட்டி வருவது.

படிகள் இவைதான். முதலில் நகர விற்பனைக் குழு அமைய வேண்டும். அந்தக் குழு எல்லா வியாபாரிகளையும் கணக்கெடுக்க வேண்டும். 5 ஆண்டுக்கு ஒருமுறையாவது இது நடக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். பிறகு ஊருக்கான விற்பனைத் திட்டத்தை வகுத்து, எது தடையற்ற மண்டலம், எது நேரக் கட்டுப்பாடுள்ள மண்டலம், எது தடை மண்டலம் என்று பிரிக்க வேண்டும். ஒரு பகுதியைத் தடை மண்டலமாக அறிவிக்கக் குழுவின் பரிந்துரை வேண்டும், பொது நோக்கமும் இருக்க வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகும், சான்றிதழில் குறித்த இடத்திலிருந்து ஒருவரை நகர்த்த 30 நாள் நோட்டீஸ் தர வேண்டும். 7 நாள் என்பது அந்தக் கடைசிப் படியிலேயே விழுந்துவிடுகிறது. ஒலிபெருக்கி அறிவிப்பை நீங்கள் நோட்டீஸாக ஏற்க வேண்டியதில்லை, எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் 30 நாள் வாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அதை மட்டும் சொன்னால், நகராட்சி முறையாக ஒரு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் லாரியோடு வந்துவிடும். உங்கள் வழக்கின் உண்மையான பலம் மேலே உள்ள படிகளில் இருக்கிறது. சட்டத்தின் 3(3) பிரிவைக் கவனியுங்கள்: கணக்கெடுப்பு முடிந்து, எல்லா வியாபாரிகளுக்கும் சான்றிதழ் வழங்கப்படும்வரை யாரையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது. உங்கள் சாலையில் பாதிப் பேருக்கு மேல் அட்டை வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நகராட்சி பதில் சொல்ல வேண்டிய முதல் கேள்வி அதுதான். அட்டை இல்லாதவர்களை ஒதுக்கிவிட்டு, இருப்பவர்கள் மட்டும் போய்ப் பேசினால் இந்த வாதத்தை நீங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும். எல்லாரும் சேர்ந்தே போங்கள்.

காரணங்களுக்கு வருவோம். நெரிசல், குப்பை என்று மன்றத்தில் சொல்லியிருக்கிறார்கள். இந்த இரண்டைப் பற்றியும் சட்டத்தின் முதல் அட்டவணையில் நேரடியாகவே எழுதியிருக்கிறது. கூட்டம் அதிகம் என்பதையே காரணமாக வைத்து ஒரு பகுதியைத் தடை மண்டலமாக்கக் கூடாது. கணக்கெடுப்பில் வராத புதியவர்களுக்கு அங்கே சான்றிதழ் தருவதை வேண்டுமானால் கட்டுப்படுத்தலாம். சுகாதாரக் குறை என்றால், அது முழுக்க முழுக்க வியாபாரிகளால் மட்டுமே வருவதாகவும், நகராட்சி தன் வேலையைச் செய்து சரிப்படுத்த முடியாததாகவும் இருந்தால்தான் காரணமாகும். பேருந்து நிலைய வாசலில் எத்தனை குப்பைத்தொட்டி இருக்கிறது, எந்நேரத்துக்குக் குப்பை அள்ளுகிறார்கள், அடைபட்ட சாக்கடை எது என்று ஒரு வாரம் தேதி வாரியாகப் படத்தோடு குறித்து வையுங்கள். அட்டவணையில் இன்னும் இரண்டு வரிகள் உங்களுக்கு உதவும். கணக்கெடுப்பில் இயற்கைச் சந்தையாக, அதாவது வாங்குபவரும் விற்பவரும் காலங்காலமாகக் கூடும் இடமாக, அடையாளம் கண்ட இடத்தைத் தடை மண்டலமாக்க முடியாது. கணக்கெடுப்பும் விற்பனைத் திட்டமும் முடியாமல் எந்தப் பகுதியையும் தடை மண்டலமாக அறிவிக்கவும் முடியாது.

இனி உங்கள் கையில் உள்ள அட்டையை எடுத்துப் பாருங்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள். அடையாள அட்டை வேறு, விற்பனைச் சான்றிதழ் வேறு. 30 நாள் நோட்டீஸ் பாதுகாப்பு சான்றிதழில் குறித்த இடத்துக்குத்தான் நேராகப் பொருந்தும். உங்கள் அட்டையில் பெயரும் படமும் மட்டும் இருக்கிறதா, சாலைப் பெயரும் நேரமும் இருக்கிறதா, எதுவரை செல்லும் என்று தேதி இருக்கிறதா பாருங்கள். சான்றிதழ் தனியாக வரவில்லை என்றால், அதைக் கேட்டு இன்றே தனி மனு கொடுங்கள். காலாவதி நெருங்கியிருந்தால் புதுப்பிக்கவும் கேளுங்கள். அட்டை இல்லாதவர்கள், தங்கள் பெயர் கணக்கெடுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கணக்கெடுத்த அன்று ஊருக்குப் போயிருந்தவர், கடையில் மகனை உட்கார வைத்திருந்தவர் என்று விட்டுப்போனவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள். இரண்டு கணக்கெடுப்புகளுக்கு இடையிலும் குழு சான்றிதழ் தரலாம் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. மண்டலம் கொள்ளும் எண்ணிக்கையைவிட ஆட்கள் அதிகமானால் குலுக்கல் போட்டு, மீதிப் பேரை அடுத்துள்ள மண்டலத்தில் சேர்க்க வேண்டும். பக்கத்துத் தெரு இருக்க, அவர்களைப் புறவழிச்சாலைக்கு அனுப்புவது அந்தப் பிரிவின் நோக்கத்துக்கே எதிரானது.

நீங்கள் பல வருஷமாக அதே இடத்தில் இருப்பதற்குச் சாட்சி சேருங்கள். தரைக்கடை வசூல் குத்தகைதாரர் தினமும் கிழித்துக் கொடுக்கும் ரசீது நல்ல ஆதாரம், கசங்கியிருந்தாலும் எறியாதீர்கள். போக்குவரத்துக்கு இடையூறு என்று முன்பு அபராதம் கட்டியிருந்தால் அந்த ரசீதையும் வெளியே எடுங்கள். அதைக் காட்ட வெட்கப்பட்டு ஒளித்து வைப்பவர்கள் பலர். ஆனால் குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட இடத்தில் நீங்கள் இருந்தீர்கள் என்று அரசே எழுதிக் கொடுத்த காகிதம் அது. பி.எம். ஸ்வநிதி என்ற, சாலையோர வியாபாரிகளுக்கான மத்திய அரசுத் திட்டக் கடனுக்கு நகராட்சி கொடுத்த பரிந்துரைக் கடிதம், உங்களைப் போல் உணவுக்கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்று, பின்னால் உள்ள கட்டடம் தெரியும் பழைய புகைப்படங்கள் எல்லாம் சேரட்டும். 60 பேருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் என்று தயார் செய்யுங்கள்: பெயர், என்ன விற்கிறார், எந்தக் கட்டடத்துக்கு எதிரே, எந்த ஆண்டிலிருந்து, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, என்ன ஆதாரம். "60 குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வரும்" என்று கையெழுத்துகளை அடுக்கிய ஒற்றை மனு மனசைத் தொடலாம். கோப்பில் எடைபோடுவது இந்தப் பக்கங்கள்தான்.

அடுத்து, நகராட்சியிடமிருந்து எடுக்க வேண்டிய காகிதங்கள். தீர்மானத்தின் எண், தேதி, முழு நகல் இவற்றை ஆணையரிடம் நேரடியாக மனுப் போட்டுக் கேளுங்கள். அதே நாளில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழும், 10 ரூபாய் கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள். நகர விற்பனைக் குழு அமைத்த உத்தரவு எது, உறுப்பினர்கள் யார் யார், வியாபாரிகள் தரப்பு உறுப்பினர்களுக்குத் தேர்தல் எந்தத் தேதியில் நடந்தது, கணக்கெடுப்பு எப்போது முடிந்தது, எத்தனை பேர் அடையாளம் காணப்பட்டார்கள், அதில் எத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தாயிற்று, இந்தச் சாலையைத் தடை மண்டலமாக்கப் பரிந்துரைத்த குழுக்கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே, ஊருக்கான விற்பனைத் திட்டம் அரசின் ஒப்புதல் பெற்றதா. இவ்வளவும் கேளுங்கள். "ஏன்" என்று கேட்காதீர்கள். தேதி, எண், நகல் என்றே கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகும் என்பதால் இதை நம்பி மற்றதை நிறுத்தி வைக்க வேண்டாம். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு உண்டு.

குழுவைப் பற்றிய கேள்வியை ஏன் அழுத்துகிறேன் என்றால், பல தடை அறிவிப்புகள் ஆட்டம் காண்பது அங்கேதான். அதன் தலைவர் நகராட்சி ஆணையர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அலுவலகத்திலேயே நான்கு சங்கத் தலைவர்களின் பெயரை எழுதி நிரப்பிய குழுவின் பரிந்துரை சட்டத்தின் முன் பலவீனமானது. குழுவே கூடாமல் மன்றம் மட்டும் தீர்மானம் போட்டிருந்தால், பரிந்துரை என்ற படியே இல்லை.

மனுவை எப்படி எழுதுவது? ஆணையருக்கு, "நகராட்சி ஆணையர் மற்றும் நகர விற்பனைக் குழுத் தலைவர்" என்று இரண்டு பொறுப்பையும் குறித்து எழுதுங்கள். மாவட்ட ஆட்சியருக்கும் நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநருக்கும் நகல். முதல் பத்தியில் யார், எந்தச் சாலை, எவ்வளவு காலம். இரண்டாவதில் அறிவிப்பு எப்படி, எந்தத் தேதியில் வந்தது. மூன்றாவதில் எந்தப் படி விடுபட்டது என்று பிரிவு எண்ணோடு: 3(3), 18 (தடை மண்டலம், 30 நாள் நோட்டீஸ்), 21 (விற்பனைத் திட்டம்), 22 (நகர விற்பனைக் குழு), முதல் அட்டவணை. கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பது தெளிவாக இருக்கட்டும்: தீர்மானத்தைச் செயல்படுத்துவதை நிறுத்த வேண்டும், விட்டுப்போனவர்களைச் சேர்த்துச் சான்றிதழ் தர வேண்டும், குழுவில் எங்கள் தரப்பைக் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும், அதுவரை வெளியேற்றக் கூடாது. தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள்.

இந்த மனுவை அக்கறையோடு எழுதச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதிகாரிகள் சட்டப்படி நடக்க உத்தரவிடக் கோரும் ரிட் மனுவாக உயர் நீதிமன்றம் போனால், இதுபோன்ற விவகாரங்களில் அடிக்கடி கிடைக்கும் உத்தரவு, "மனுதாரரின் கோரிக்கை மனுவைப் பரிசீலித்து, இத்தனை வாரத்தில் சட்டப்படி முடிவெடுக்கவும்" என்பதுதான். அப்போது பரிசீலனைக்குப் போவது நீங்கள் இன்று கொடுக்கும் இந்தக் காகிதம். அதில் சொல்லாத காரணத்தை அப்புறம் நுழைப்பது கடினம்.

உங்கள் மனுவோடு மாற்றுத் திட்டம் ஒன்றையும் இணைத்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நடந்துபோகிறவர்களுக்கும் அந்தச் சாலையில் உரிமை இருக்கிறது. அந்தச் சட்டமே அவர்களின் நடமாட்ட உரிமையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. முழுத் தடைக்கும் முழுச் சுதந்திரத்துக்கும் நடுவே நேரக் கட்டுப்பாடுள்ள மண்டலம் என்று ஒன்று இருப்பதை நகராட்சிகள் எளிதில் மறந்துவிடுகின்றன. ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, சாலையை அளந்து படம் போடுங்கள். நடைபாதையில் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர், அதாவது சுமார் 6 அடி, விட வேண்டும் என்பது, சாலைகளுக்குத் தர அளவுகள் வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டு அளவு. உங்கள் வண்டி 4 அடி அகலம் என்றால், நடைபாதை 10 அடி இருந்தால் போதும் என்று தோன்றும். அங்கேதான் கணக்குத் தவறும். சாப்பிட நிற்பவர்களுக்கு 3 அடியாவது வேண்டும். உங்கள் இட்லிக்கடைக்கும் பக்கத்துப் பூக்கடைக்கும் ஒரே இடம் ஒதுக்கினால் பிரச்சினை முதல் நாள் மாலையே தொடங்கும். உணவு வண்டிகளை நடைபாதை அகலமான பகுதியில் சேர்த்து, பூவையும் பழத்தையும் குறுகலான பகுதிக்குக் கொடுங்கள். பேருந்து திரும்பும் முனை, மருத்துவமனை வாசல், சாலையைக் கடக்கும் கோடு, பேருந்து நிற்கும் இடம் இவற்றைக் காலியாக விடுங்கள். உண்மையில் வழியை அடைப்பவை பெரும்பாலும் வண்டிகள் அல்ல, வாங்க வருகிறவர்கள் கடை முன்னால் நிறுத்தும் இருசக்கர வாகனங்கள். அதற்கு எங்கே இடம் என்று படத்தில் காட்டிவிட்டால் போக்குவரத்துக் காவலரின் ஆட்சேபணை பாதி குறையும். பள்ளி, அலுவலக நேரத்தில் கடை இல்லை, மாலை இத்தனை மணி முதல் இரவு இத்தனை மணி வரை மட்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். இடமே இல்லாத சில பேரை எந்தத் தெருவுக்கு நகர்த்தலாம் என்பதையும் உங்களுக்குள் முதலில் பேசி முடிவு செய்துவிடுங்கள். அது கஷ்டமான பேச்சுதான். ஆனால் அதை நீங்கள் செய்யாவிட்டால் அதிகாரிகள் செய்வார்கள்.

வாரச்சந்தைத் திடலை ஒரேயடியாக மறுக்கவும் வேண்டாம். போய்ப் பாருங்கள், நீங்கள் கடை போடும் அதே நேரத்தில். ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் அந்த வழியாக நடக்கிறார்கள் என்று எண்ணுங்கள். உங்கள் சாலையிலும் அதே நேரம் எண்ணி, இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதுங்கள். தண்ணீர், விளக்கு, பெண்களுக்குக் கழிப்பறை, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையும் குறியுங்கள். இடமாற்றம் தவிர்க்க முடியாத தேவை இருந்தால் மட்டுமே நடக்க வேண்டும், நடந்தாலும் பிழைப்பு பழைய நிலைக்குக் குறையாமல் மீள வேண்டும் என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. அந்த எண்ணிக்கை இந்த வரிக்கு உயிர் கொடுக்கும். அங்கே கூட்டம் வரவே வராது என்று வெறும் வாயால் சொன்னால் எடுபடாது.

மனு கொடுத்த பிறகும் வண்டியைத் தூக்க வந்தால், தள்ளுமுள்ளில் இறங்காதீர்கள். பொருளை எடுத்தால் பட்டியல் போட்டு, எடுக்க அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட நகலைத் தர வேண்டும். அதைக் கேளுங்கள், தராவிட்டால் காணொளி எடுங்கள். கேட்டு விண்ணப்பித்தால் அழுகும் பொருளை அன்றைக்கே, மற்றதை 2 வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். மாவு, சட்னி போன்றவற்றுக்கு அன்று மாலைக்குள் எழுத்தில் கேட்டால்தான் இந்த விதி உங்களுக்குப் பயன்படும். நோட்டீஸ் காலம் முடிந்தும் நகராதவருக்கு ஒரு நாளைக்கு அதிகபட்ச அபராதம் 250 ரூபாய். மொத்தத்தில் அது எடுத்த பொருளின் மதிப்பைத் தாண்டக் கூடாது. ரசீது இல்லாமல் கேட்கும் தொகையைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் பக்கத்துப் பலவீனங்களையும் இப்போதே சரிசெய்யுங்கள். சான்றிதழ் வாங்குகிறவர், தானே அல்லது குடும்பத்தார் மூலமாக மட்டும் விற்பேன், இடத்தை வாடகைக்கு விடமாட்டேன், வேறு பிழைப்பு இல்லை என்று உறுதி கொடுக்கிறார். வரிசையில் யாராவது இரண்டு மூன்று இடம் பிடித்து உள்வாடகைக்கு விட்டிருந்தால், அந்த ஒரு கடையைக் காட்டியே மொத்த வரிசையையும் வணிக ஆக்கிரமிப்பு என்பார்கள். தரையில் சிமெண்ட் போட்டது, இரும்புக் கொட்டகை பற்றவைத்தது எல்லாம் போக வேண்டும். இந்தச் சட்டம் இடத்துக்கு நிரந்தர உரிமை தருவதில்லை. சாலை யாருக்குச் சொந்தம் என்றும் பாருங்கள். உங்கள் வரிசையின் ஒரு பகுதி ரயில்வே நிலத்தில் இருந்தால் இந்தச் சட்டம் அங்கே பொருந்தாது. அந்தக் கடைகளுக்கு வேறு வழிதான் தேட வேண்டும். நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் அந்தத் துறையும் தனியாக நோட்டீஸ் தரலாம், அதற்குத் தனிப் பதில் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்ந்தெடுத்த குழு, முடிந்த கணக்கெடுப்பு, முறையான பரிந்துரை, 30 நாள் நோட்டீஸ் எல்லாம் சரியாக இருப்பதாகக் காகிதங்கள் காட்டினால், உங்கள் போராட்டம் "போகமாட்டோம்" என்பதிலிருந்து "எங்கே, என்ன வசதியோடு, எந்த வரிசையில்" என்பதற்கு மாற வேண்டியிருக்கும். அப்போதும் 20ஆம் பிரிவின் கீழ் உள்ள குறைதீர்ப்புக் குழுவுக்கு எழுதலாம். அதன் தலைவர் முன்னாள் நீதிபதி அல்லது மாஜிஸ்திரேட், அதில் நகராட்சி ஊழியர் இருக்கக் கூடாது. உங்கள் ஊருக்கு அப்படிக் குழு இருக்கிறதா என்பதையும் தகவல் உரிமை விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

வக்கீல் செலவுக்குத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். போகும்போது அட்டை, ரசீதுகள், முத்திரை வாங்கிய மனு, நாள் வாரியான படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். அவர்கள் குறித்த 7 நாளில் மீதி எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆணையர் அலுவலகத்தில் மனு நாளைக் காலையே பதிவாக வேண்டும்.